காய்தலும் உவத்தலும்

அறம் இன்னது, மறம் இன்னது என முதற்கண் தெளிந்து, அத்தெளிவைக் கொண்டே மனிதரையும் அவர் செயல்களையும் அளந்து தீர்ப்புச் சொல்லுகிறோம் என்பது நம்மிற் பெரும்பாலோர் நம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம். கொள்கை முன், தீர்ப்புப் பின் என்பதே இதன் சாரம். ஆயின் உண்மையில் நிகழ்வது பல வேளைகளில் இதற்கு நேர்மாறாயுள்ளது. நம்மவர், அயலவர், நம் கட்சி, மாற்றார் கட்சி, நமக்கு வரவு, நமக்கு இழப்பு என்னும் இவற்றால் தீர்ப்பு உள்ளத்தில் முன்னரே எழுதப்பட்டு விடுகிறது; அதற்கேற்ற கொள்கை பின்னர்த் தேடிக் கொணரப்படுகிறது. இது நிகழும் வகையைச் சரித்திரத்தினின்றும், இக்காலத்து உளநூலார் ஆராய்ச்சியினின்றும் சில சான்றுகள் கொண்டு காணப் புகுகின்றேன்.

இக்குற்றம் தமிழ் நூலார் நன்கறிந்ததொன்று. வெறுப்பினால் ஒன்றைத் தாழ்த்துதலையும் விருப்பினால் ஒன்றை உயர்த்துதலையும் காய்தல், உவத்தல் என இணைத்து வழங்கினர். திருக்குறளில் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. பகைவர், அயலார், நட்டார் என்னும் மூவகையாரிடத்தும் அறத்தினின்று வழுவாமல் ஒருபடித்தாய் நிற்றலே அது எனப் பரிமேலழகர் விளக்குவர். நீதிக்குத் துலாக்கோலை உவமை கூறுதலும் நம்மிடையே பழைய வழக்கு. எனினும் அவ்வுவமை குற்றத்தின் ஒரு பகுதியையே காட்டுகிறது எனத் தோன்றுகிறது. கோல் கோணியிருப்பின் எவரும் கண்டுகொள்வர். கண்டுபிடித்தற்கு அரியது வேறொன்று: வணிகன் ஒருவன் இரண்டு படிகளை வைத்திருந்து, கொள்ளும்போது ஒன்றையும் கொடுக்கும்போது மற்றொன்றையும் எடுப்பது. உபாகமம் 25 ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்டது இதுவே. ஒவ்வொரு படியும் தனித்து நோக்குமிடத்துக் குற்றமற்ற படியாகவே தோன்றும். எதனை எப்பொழுது எடுக்கிறான் என்பதிலே களவு இருக்கிறது. பற்றுள்ளம் நமக்குப் பொய்யான அறங்களைக் கற்பிப்பதில்லை. மெய்யான அறங்களுள் அப்பொழுதைக்கு வேண்டியதை எடுத்துக் கையிற் கொடுக்கிறது. இதுவே யான் கூற வந்தது.

இதற்கு யான் கண்ட சான்றுகளுள் மிகத் தெளிவானது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் திருச்சபைகள் அடிமை முறையைப் பற்றிக் கொண்டிருந்த கொள்கை சில தலைமுறைகளில் மாறிய வரலாறு. மெதடிஸ்து இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி 1774 இல் அடிமை முறையைக் கடிந்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் வழிநின்ற அமெரிக்கர் 1784 இல் பால்ட்டிமோர் நகரிற் கூடித் தம் சபையை நிறுவியபோது, அடிமைகளையுடைய அங்கத்தினர் குறித்த காலத்துக்குள் அவர்களை விடுவித்தல் வேண்டும் என விதித்தனர். (அவ்விதி ஓராண்டும் நிலைக்கவில்லை, 1785 இலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.) தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட அடிமைகளை உடையராயிருந்த தாமஸ் ஜெபர்சனுங்கூட அம்முறை தீதென்றும், கடவுள் நீதியுடையவராதலால் தம் நாட்டை நினைந்து அஞ்சுவதாகவும் எழுதினார். 1818 இல் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுப் பேரவை, அடிமை முறை தேவ நியாயப்பிரமாணத்துக்கு முற்றும் மாறானது என ஒருமனதாய் அறிக்கையிட்டது. அப்பேரவையில் தென்னாட்டாரும் இருந்தனர் என்பது கருதற்பாலது. நடைமுறையில் விட மனமில்லாவிடினும், அது தீது என்று ஒப்புக்கொள்ளுதல் அந்நாளில் எவர்க்கும் அரிதாயிருக்கவில்லை.

இதற்கிடையே பருத்தி வந்தது. 1793 இல் ஈலை விட்னி என்பார் பஞ்சினின்றும் கொட்டையை நீக்கும் பொறியொன்றை இயற்றினார். அதற்குமுன் ஒருவர் நாள் முழுதும் கையாற் பிரித்தாலும் ஓர் இராத்தல் பஞ்சு தேறுவது அரிது. பொறியோ நாளொன்றுக்கு ஐம்பது இராத்தல் தந்தது. 1790 இல் சில ஆயிரம் சிப்பங்களாயிருந்த பருத்தி விளைவு 1860 இல் ஏறக்குறைய 40 இலட்சம் சிப்பங்களாயிற்று. அந்நாட்டு ஏற்றுமதியிற் பாதிக்கு மேற்பட்டது அப்பருத்தியே. அக்காலத்தில் அடிமைகளின் தொகையும் சுமார் 7 இலட்சத்தினின்று 39 இலட்சத்துக்கு மேல் ஏறியது. அடிமை என்பவர் இப்பொழுது ஒருவனது பெட்டியிற் கிடக்கும் பொன்னினும் விலையுயர்ந்த உடைமையானார்.

உடைமையின் விலை ஏற ஏற, அது தீது என்னும் ஒப்புதல் குறைந்துகொண்டே வந்தது. 1822 இல் தென் கரோலினாவின் பாப்திஸ்துத் தலைவராகிய ரிச்சர்ட் பர்மன், அடிமைகளை உடைமையாக வைத்திருத்தல் வேதத்துக்கு ஒத்ததே எனத் தம் மாகாண ஆளுநருக்கு எழுதினார். 1837 இல் ஜான் கால்ஹூன் அமெரிக்க மேற்சபையில் எழுந்து, அடிமை முறை தவிர்க்கவொண்ணாத் தீமையன்று, நன்மையே என்று முழங்கினார். 1818 இல் ஒருமனதாய்க் கண்டித்த பிரஸ்பிட்டேரியன் பேரவையின் பழமைப் பிரிவினர், 1845 இல், அடிமைகளை வைத்திருத்தல் ஒருவரைத் திருவிருந்தினின்று விலக்குதற்குரிய பாவமன்று என்றனர். மனைவியின் வழியாலும் பிறர் எழுதிவைத்த உரிமையாலும் அடிமைகளைப் பெற்ற ஜேம்ஸ் ஆண்ட்ரூ அத்தியக்ஷரைப் பற்றி 1844 இல் எழுந்த வழக்கினால் மெதடிஸ்து சபை இரண்டாய்ப் பிளந்தது. அடுத்த ஆண்டிற் பாப்திஸ்து சபையும் பிளந்து, தென்னாட்டுப் பாப்திஸ்து சங்கம் ஜார்ஜியாவில் அகஸ்டா நகரில் நிறுவப்பட்டது. ஓரே வேதாகமம், ஓரே எபிரேய கிரேக்க மூலங்கள், ஓரே வகையான கலாசாலைகளிற் பயின்ற குருமார். ஆயினும் வேதவாக்கியத்தின் பொருள் பருத்தி விளையும் எல்லையோடு மாறிற்று!

இரு திறத்தாரும் காட்டிய வாக்கியங்களை நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். தென்னாட்டார் ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தமையையும், ஒநேசிமுவைப் பவுல் மீண்டும் பிலேமோனிடம் அனுப்பியமையையும் காட்டினர். வடநாட்டு விடுதலையாளர், மனிதனைத் திருடி விற்பவன் சாகக்கடவன் என்னும் கருத்துடைய யாத்திராகமம் 21:16 ஐயும், மனிதரெல்லாம் ஓரே இரத்தத்தார் என்னும் கருத்துடைய அப்போஸ்தலர் 17:26 ஐயும் காட்டினர். எவரும் இல்லாத வாக்கியத்தை இட்டுக் கட்டவில்லை. வேதத்துக்குக் கீழ்ப்படிதல் என்னும் அறமும் மெய். பிறனைத் தன்னைப்போல் நேசித்தல் என்னும் அறமும் மெய். எப்படி கையில் ஏறியது என்பதே வேறுபாடு.

1850 இல் சார்ல்ஸ்டன் நகரில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிபாட்டுக்கென ஓர் ஆலயம் கட்டப்பட்டது. அதன் பிரதிஷ்டையிற் பிரசங்கித்தவர் தென்னாட்டிற் பெரும் புலமை வாய்ந்தவரெனப் போற்றப்பட்ட ஜேம்ஸ் தார்ன்வெல். எசமானருடைய உரிமைகளும் கடமைகளும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். அடிமைகளும் ஆத்துமா உடையவரே, ஆதலின் அவர்க்கு வேதம் போதித்தல் எசமானரின் கடன் என அவர் வற்புறுத்தினார். அம்மட்டில் அண்டை அயலார் பலரினும் மேம்பட்டே நின்றார். ஆயின் அடிமை முறையை எதிர்ப்பவர் நாத்திகரோடும் பொதுவுடைமையாரோடும் ஓரணியில் நிற்பவர் எனவும், தம்மவரே ஒழுங்கின் நண்பர் எனவும் கொண்டார். அந்நாளில் ஐரோப்பாவில் 1848 ஆம் ஆண்டின் கலகங்கள் நிகழ்ந்து சின்னாட்களே ஆகியிருந்தன. அரசியற் பகைமை இங்ஙனம் அறவினாவுக்குள் நுழைந்தபின், அடிமையின் முதுகிலுள்ள தழும்பு கண்ணுக்குப் புலனாதல் அரிது. மருத்துவ நூலும் தப்பவில்லை. 1851 இற் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் வைத்தியர், அடிமைகள் எசமானரை விட்டு ஓடிப்போதல் ஒரு நோய் என்று கூறி, அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் இட்டார். விடுதலை வேட்கைக்கு மருந்து கண்டவர் அவர் ஒருவரே போலும்!

இவர்களைப் பொய்யரென்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது சரியன்று. பிரெடரிக் டக்ளஸ் தம் வரலாற்றில் எழுதியிருப்பதை நோக்குக. அவருடைய எசமானராகிய தாமஸ் ஆல்ட் என்பவர் 1832 இல் மெதடிஸ்துகளின் கூடாரக் கூட்டமொன்றில் மனந்திரும்பினார். இனியேனும் தம் அடிமைகளை விடுவிப்பார், அன்றேல் இரக்கமாவது காட்டுவார் என்று டக்ளஸ் நம்பினார். ஆல்ட் காலையிலும் மாலையிலும் செபித்தார், போதகரை வீட்டில் வைத்து உபசரித்தார், முன்னினும் கொடியவரானார். கால் கை விளங்காத ஓர் இளம் பெண்ணைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்துக்கொண்டே, எசமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாத ஊழியக்காரனைப் பற்றிய லூக்கா 12:47 ஐ ஓதினார். அவருடைய மனந்திரும்புதல் நடிப்பென்று டக்ளஸும் எளிதிற் சொல்லிவிடவில்லை. பக்திக்கு முன் வெறுங் கொடுமையாயிருந்தது, பக்திக்குப் பின் கடமையாயிற்று. நடிப்பாயிருந்தால் அஞ்சவேண்டியதில்லை, மெய்யான பக்தியே இவ்வாறு வளைந்தது என்பதுதான் அச்சந் தருகிறது.

இஃது எங்கோ பருத்திக் காட்டில் நிகழ்ந்தது, நமக்கென்ன என்று இக்கல்லூரியில் இருந்துகொண்டு நாம் சொல்வதற்கில்லை. திருநெல்வேலிச் சீமையார் நன்கறிந்த எஸ். பி. ஜி. சங்கம், நாம் ஆனர்ஸ் வகுப்பிற் போற்றிப் பயிலும் ஒப்பிலக்கணத்தை இயற்றிய கால்டுவெல் ஐயரை இடையன்குடியில் ஊழியஞ்செய்ய வைத்த சங்கம். அச்சங்கத்துக்குப் பார்படோஸ் தீவில் இரண்டு கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1710 இல் இறந்த கிறிஸ்தோபர் காட்ரிங்டன் என்னும் படைத்தலைவர், ஒரு கலாசாலை நிறுவும்படி, அவற்றை நூற்றுக்கணக்கான அடிமைகளோடு சங்கத்துக்கு எழுதிவைத்தார். தொடக்கத்தில் அவ்வடிமைகளின் மார்பில் ‘சங்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் காய்ச்சிய இரும்பினால் இட்டனர். சங்கத்தின் ஆண்டுப் பிரசங்கத்திலேயே 1766 இல் வார்பர்ட்டன் அத்தியக்ஷர் மனிதரை உடைமையாகக் கொள்ளுதலைக் கடிந்தார். 1783 இற் பெய்ல்பி போர்ட்டியஸ் அத்தியக்ஷர் அத்தோட்டத்து அடிமைகளின் நிலையைத் திருத்தும் வழிகளை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டிற் சங்கத்தார் அவர் திட்டத்தை ஏற்க மறுத்தனர். தோட்டத்தின் வருவாய் கலாசாலைக்கு, கலாசாலை சுவிசேஷத்துக்கு. ஆதலின் தோட்டம் புண்ணியச் சொத்து! 1833 ஆம் ஆண்டின் விடுதலைச் சட்டப்படி ஆங்கில அரசாங்கம் உடைமையாளர்க்கு ஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. சங்கத்துக்கு 411 அடிமைகளுக்காக 8,823 பவுன் கிடைத்தது. அடிமைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2006 இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கம் இவ்வரலாற்றை நினைவுகூர்ந்து மன்னிப்புக் கேட்டது. கால்டுவெல் ஐயரின் புகழ் இதனாற் குறையாது. அவர் வந்தது அதன் பின்னரே. எனினும் நம் நாட்டிற் கல்விக்கு வித்திட்ட ஒரு சங்கம், தன் கண்முன் நின்ற இரண்டு அத்தியக்ஷரின் சொல்லைக் கேட்டும் ஐம்பதாண்டு பொறுத்திருந்தது என்பதை அறிந்திருத்தல் நம் கடன்.

அரசியற் கொள்கைகளிலும் இருபடி வாணிகத்தைக் காணலாம். மாகாணங்களின் உரிமையில் மத்திய அரசாங்கம் தலையிடலாகாது என்பது அமெரிக்கத் தென்னாட்டாரின் வேதம் போன்ற கொள்கை. ஆயின் ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரும்படி வடமாகாணங்களை வற்புறுத்தும் 1850 ஆம் ஆண்டின் சட்டத்தை மத்திய அரசாங்கம் இயற்றியபோது அவர்கள் அதனை மகிழ்ந்தேற்றனர். அடிமை முறையை வெறுத்த விஸ்கான்சின் மாகாணமோ, அதுகாறும் தென்னாட்டாரின் ஆயுதமாயிருந்த மாகாண உரிமையைத் தன் கையில் எடுத்தது. அதன் உயர் நீதிமன்றம் 1854 இல் அச்சட்டம் செல்லாது என்றது. 1859 இல் நாட்டின் தலைமை நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியபின்னும், மாகாணச் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1860 டிசம்பரிற் பிரிந்துபோன தென் கரோலினா, தன் குறைகளுள் ஒன்றாக, வடமாகாணங்கள் அச்சட்டத்துக்கு அடங்கவில்லை என்பதையும் எழுதிற்று. இதில் விஸ்கான்சின் செய்தது நன்று என்பதே என் துணிபு. ஆயினும் அவர் நின்றது மாகாண உரிமையின்மேல் அன்று, மனித உரிமையின்மேல் என்பதை மறைத்தற்கில்லை.

இக்காலத்து உளநூலார் இதனைச் சோதனையாலும் காட்டியிருக்கின்றனர். விளையாட்டில் ஈடுபாடுடைய நண்பர்க்கு முதலில் ஒன்று கூறுவேன். 1951 இற் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்னும் இரு கல்லூரியாரும் ஆடிய கால்பந்தாட்டம் முரட்டாட்டமாய் முடிந்தது. ஹாஸ்டார்ப், கான்ட்ரில் என்னும் இரு ஆசிரியர் அவ்வாட்டத்தின் திரைப்படத்தை இரு கல்லூரி மாணவர்க்கும் காட்டி, விதி மீறல்களைக் குறிக்கச் செய்தனர். டார்ட்மத் அணியினரின் மீறல்களாகப் பிரின்ஸ்டன் மாணவர் கண்டவை சராசரி 9.8, டார்ட்மத் மாணவர் கண்டவை 4.3. ஓரே படம்! நம் விடுதிப் பந்தயங்களின் பின் எழும் வாக்குவாதங்களைக் கேட்டவர்க்கு இது வியப்பன்று.

2009 இல் ஊல்மன், பிட்சாரோ முதலிய நால்வர் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. பலரைக் காத்தற்பொருட்டு ஒருவனைப் பலியிடலாமா என்பது வினா. ஒரு கதையிற் பலியாவான் பெயரால் ஆப்பிரிக்க வமிசத்தான் எனத் தோன்றுவான், காக்கப்படுவோர் நியூயார்க்கின் மேனாட்டுச் சங்கீதக் குழுவினர் நூற்றுவர். மற்றொன்றிற் பலியாவான் செல்வ வெள்ளையன் எனத் தோன்றுவான், காக்கப்படுவோர் ஹார்லெமின் ஜாஸ் சங்கீதக் குழுவினர் நூற்றுவர். சீர்திருத்தக் கட்சி மனமுடையோர் முன்னதை அவ்வளவாக ஒப்பவில்லை. பின்னதைப் பெரிதும் ஒப்பினர். போரில் குடிமக்கள் மாள்வது பற்றிய வேறொரு கதையில், பழமைக் கட்சி மனமுடையோர், மாண்டவர் ஈராக்கியராயிருந்தபோது மன்னித்த அளவுக்கு அமெரிக்கராயிருந்தபோது மன்னிக்கவில்லை. பலர் நன்மைக்கு ஒருவர் சாகலாம் என்பது ஓர் அறம். எவரையும் கருவியாக்கிக் கொல்லலாகாது என்பது மற்றோர் அறம். இரு கட்சியாரிடத்தும் இரண்டும் இருந்தன. இரண்டு கதைகளையும் ஒருவர்க்கே அடுத்தடுத்துக் கொடுத்தபோதோ, அவர் முதற்கதைக்குச் சொன்ன விடையையே இரண்டாவதற்கும் சொல்லி ஒழுங்கு பிறழாதிருக்க முயன்றார். ஒழுங்கில் நமக்கு விருப்பம் இல்லாமலில்லை. இரண்டு படிகளும் ஒருங்கே மேசைமேல் இருந்தால் வெட்கப்படுகிறோம்.

வாக்கெடுப்புகளிலும் இது புலனாகிறது. தனிவாழ்விற் ஒழுக்கந் தவறிய ஒருவர் பொதுப்பணியில் நேர்மையாய் நடத்தல் கூடுமா என அமெரிக்காவில் ஒரு சமய ஆராய்ச்சி நிறுவனம் வினவியபோது, கூடும் என்ற வெள்ளை இவாஞ்சலிக்கர் 2011 இல் நூற்றுக்கு 30 பேர். டிரம்ப் வேட்பாளராய் நின்ற 2016 இல் நூற்றுக்கு 72 பேர். இடையில் வேதாகமம் திருத்தப்படவில்லை. 1998 இற் கிளின்டன் தலைவராயிருந்தபோது, தனிவாழ்வு வேறு, ஆட்சி வேறு என்றவர் அவருடைய கட்சியினரே. பொது மனிதர்க்கு ஒழுக்கம் இன்றியமையாதது என அவ்வாண்டிற் தீர்மானித்தது தென்னாட்டுப் பாப்திஸ்து சங்கம். பதினெட்டாண்டுகளிற் பலர் இருக்கை மாறி அமர்ந்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வாராய்ச்சியைக் கற்றவர் முதலிற் செய்வது, எதிர்த்துப் பேசுவோர் எல்லாரையும் உள்நோக்கமுடையவர் என்று தள்ளிவிடுதல். நியூ இங்கிலாந்தின் நூலாலைகள் அடிமைப் பருத்தியால் ஓடுகின்றன எனத் தென்னாட்டார் வடநாட்டாரைக் குத்திக்காட்டினர். அது மெய்யே. 1861 சனவரியில் நியூயார்க் நகரத் தலைவர் பெர்னாண்டோ வுட், தென்னாட்டு வாணிகம் கெடாதிருக்கத் தம் நகரமும் தனித்துப் பிரியலாம் என்று கூறும் அளவுக்கு மெய். ஆயின் சொல்பவனுக்கு ஆதாயம் உண்டென்று காட்டிவிட்டால் அவன் சொன்னது பொய்யாகிவிடாது. அடிமை முறை தீதென்பது நூலாலைக்காரன் வாயினின்று வந்தாலும் தீதே. நம் விவாத சபையிற் சீட்டெடுத்துப் பக்கம் பிரிக்கிறோம். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் தமக்கு விழுந்த பக்கத்தை மெய்யாகவே நம்பத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அவர்கள் கூறும் நியாயங்களை நடுவர் அதனாலேயே தள்ளிவிடுவதில்லை.

அங்ஙனமாயின் ஒருவர் தம் உள்ளத்துப் பற்றை அறிந்து விலக்குதல் இயலுமா? வாதத்தினால் இயலும் என்பதற்குச் சரித்திரத்திற் சான்று குறைவு. வேறு வழி கண்டவர் ஒருவர் உண்டு. ஜான் உல்மன் என்பவர் 1720 இல் நியூ ஜெர்சியிற் பிறந்த குவேக்கர். இளமையிற் கடை ஒன்றிற் கணக்கெழுதி வந்தபோது, எசமானரின் அடிமைப் பெண்ணொருத்தியை விற்கும் பத்திரத்தை எழுதும்படி பணிக்கப்பட்டார். இது கிறிஸ்து மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று வாயாற் சொன்னார். கையால் எழுதியும் கொடுத்தார். அந்நாள்முதல் அவர் செய்தவை நூதனமானவை. அடிமைகளைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் உயில்களை எழுத மறுத்தார்; அதனால் வரும் கூலியை இழந்தார். தம் வாணிகம் பெருகுவதைக் கண்டு, பெருகுகிறது என்னும் அக்காரணத்தாலேயே அதனை விட்டுத் தையல் வேலையும் பழத்தோட்டமும் போதும் என்றிருந்தார். சாயமிட்ட ஆடைகளை நீக்கினார். தேவைகள் பெருகினால் அவற்றுக்கு வேண்டிய பொருளும், அப்பொருளுக்கு வேண்டிய நியாயங்களும் பின்னே வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிறர் கொள்கையைத் திருத்திப் பின் வாழ்வைத் திருத்த முயல்வர். இவர் வாழ்வினின்று ஆதாயத்தைக் களைந்தார், கொள்கை தானே தெளிந்தது.

1757 இல் தென்மாகாணங்களிற் பிரயாணஞ் செய்தபோது, அடிமைகளையுடைய நண்பர் வீடுகளில் இலவசமாய்த் தங்க அவர் மனம் ஒப்பவில்லை. புறப்படும்போது சிறு வெள்ளிக் காசுகளை வீட்டுக்காரரிடம் கொடுத்து, தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குப் பகிர்ந்தளிக்கக் கேட்டுக்கொள்வார். சில வேளைகளில் அடிமைகளிடமே நேரிற் கொடுப்பார். வீட்டுக்காரர் நாணினர், சினந்தவர் அரியர். அவரும் கூச்சத்தோடுதான் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். 1758 இற் பிலதெல்பியாவிற் கூடிய குவேக்கர் ஆண்டுக் கூட்டம், அடிமைகளை உடைய அங்கத்தினரை வீடுதோறும் சென்று காணச் சிலரை ஏற்படுத்தியது. அவருள் உல்மனும் ஒருவர். ஒவ்வொரு வீட்டிலும் அமர்ந்து, கடிந்து பேசாமல், ஆனால் வந்த காரியத்தை விடாமல், பல ஆண்டுகள் அதனைச் செய்தார். 1772 இல் இங்கிலாந்திற் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1776 இல், பிலதெல்பியாக் கூட்டம் அடிமைகளை விடுவிக்க மறுப்போர் இனித் தம் அங்கத்தினர் அல்லர் எனத் தீர்மானித்தது.